திஸிக்குப் பக்கத்தில் வயலின் உட்கார்ந்தால் என்ன?

திஸி என்ற சீன மூங்கில் குழலும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்த கச்சேரி வீடியோ ஒன்றைப் போன வாரம் பகிர்ந்தேன். அதற்குக் கீழே நடந்த வாக்குவாதத்தை எல்லோரும் பார்த்தீர்கள். "சீனக் குழலைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன் ஆர்க்கெஸ்ட்ராவில் கரைத்துவிட்டார்கள்" என்று அந்த அண்ணன் எழுதியது இன்னும் மனசை அறுக்கிறது.

எங்கே கரைந்தது? அத்தனை வயலின்களுக்கும் மேலே திஸியின் அதிர்வு தனியாகக் கேட்டதே! எங்கள் புளோக்கில் மேல்மாடியில் இருந்த சீனப் பெரியவர் திஸி வாசிப்பார். வாய் வைக்கும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவில் இன்னொரு துளை இருக்கும். ஒரு பூண்டுப் பல்லை நறுக்கி அதைச் சுற்றித் தேய்ப்பார். நாணல் தண்டின் உள்ளிருந்து எடுத்த சவ்வை அதன்மேல் ஒட்டி, இரண்டு கட்டைவிரலாலும் நீவி, குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் விழவைப்பார். அந்தச் சவ்வுதான் திஸியின் குரல். அது ஒட்டியிருக்கும்வரை பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் திஸி திஸிதான்.

லியாங் ஷான்போ, ஜு யிங்தாய் என்ற சீனக் காதல் கதை தெரியும்தானே? ஆண் வேடம் போட்டுப் படிக்கப் போன பெண். கடைசியில் கல்லறை பிளந்து இருவரும் வண்ணத்துப்பூச்சி ஆகிறார்கள். ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்களான ஹெ ஜான்ஹாவும் சென் காங்கும் 1959இல் அதை வயலின் கான்செர்ட்டோவாக்கினார்கள், அதாவது வயலின் முன்னே நிற்க ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்து வாசிக்கும் படைப்பாக. அதில் திஸியே இல்லையே என்பீர்கள். சரி, இல்லை. ஆனால் ஹெ ஜான்ஹாவ் யுவே ஓபரா என்ற சீன இசைநாடகக் குழுவிலிருந்து வந்தவர். அந்தப் பாட்டின் வளைவையும், இரண்டு தந்திச் சீன வாத்தியமான அர்ஹுவின் இழைவையும் வயலின் கற்றுக்கொண்டது. முதலில் எழும் குழலோசை மேற்கத்தியப் புல்லாங்குழலுடையது. ஆனாலும் கதை எந்த ஊருடையது என்பதில் யாருக்காவது சந்தேகம் வந்ததா? கலாசாரப் புரட்சிக் காலத்தில் அதைத் தடைகூடச் செய்தார்கள். ஜனங்கள் விட்டுவிடவில்லை.

பித்தளை வாத்தியங்கள் முழங்கினால் குழல் அமுங்கிவிடும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். உண்மை, சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது எழுதுகிறவர் குறை. அதற்காகச் சேர்வதே தப்பு என்பீர்களா? நம் சிங்கப்பூர் சீன இசைக்குழுவிலேயே மேற்கத்திய வாத்தியங்களான செலோவும் டபுள் பேஸும் இருக்கின்றனவே, அவற்றையும் வெளியே அனுப்பச் சொல்வீர்களா?

இன்னொருவர் கேட்டது: "தமிழனுக்கு எதற்குச் சீனப் பாட்டு?" இதுதான் நிஜமாக வலித்தது. கீழ்மாடியில் நான் வளர்ந்தேன், மேல்மாடியில் அந்தக் குழல். தேர்வுக்குப் படிக்கும்போதும் அதுதான், அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதுதான். என் காதில் விழுந்து என்னோடு வளர்ந்த ஒன்றை ரசிக்க நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பெரியவர் ஒரு நாளும் என்னிடம் "உனக்கு எதற்கு?" என்று கேட்டதில்லை. கதவைத் திறந்து உட்காரச் சொன்னார்.

சீன இசையமைப்பாளர் குவோ வென்ஜிங், பழைய சீனக் கவிஞர் லி பாயின் கவிதையிலிருந்து தலைப்பு எடுத்துத் திஸிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதியிருக்கிறார். 'சோ கோங் ஷான்' (Chou Kong Shan) என்று தேடினால் கிடைக்கும். அதை முழுதாகக் கேளுங்கள் அண்ணா. அப்புறமும் திஸி கரைந்துவிட்டது என்று தோன்றினால், எந்த இடத்தில் என்று எழுதுங்கள், பேசுவோம்.