ஆய்வுக் கிணறுதானே என்று விட்டுவிடலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் தரைக்கடியில் ஷேல் எரிவாயு, அதாவது ஷேல் என்ற களிப்பாறைக்குள் சிக்கியிருக்கும் எரிவாயு, கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘நம்ம ஊர்ப் பாறையை உடைச்சா ஜல்லிதான் வரும், கேஸா வரும்?’ என்று மார்த்தாண்டத்து நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான், இங்கே இருப்பது சார்னோகைட் போன்ற கடினப் பாறை. ஆனாலும் ஷேல் எரிவாயுவுக்கான சுற்றுச்சூழல் விதிகளை நாம் படித்தே ஆக வேண்டும். நம்மிடம் கடல் இருக்கிறது, அங்கே எரிவாயு தேடவும் அதே விதிதான்.

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. நிலமானாலும் கடலானாலும், எண்ணெய் எரிவாயு ஆய்வுப் பணிகள் ‘ஏ’ பிரிவிலிருந்து ‘பி2’ பிரிவுக்கு இறக்கப்பட்டன. பி2 என்றால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கத்தானே போகிறோம், அதற்கு எதற்குக் கூட்டம் என்பதுதான் வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஷேலில் அது செல்லாது. சாதாரண எரிவாயு நுண்துளையுள்ள பாறையில் தேங்கி நிற்கும். துளை போட்டால் தானாக ஏறி வரும். ஷேல் களிப்பாறை அப்படி விடாது. தண்ணீர், மணல், ரசாயனக் கலவையைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்க வேண்டும். வணிகத்துக்குத் தேறுமா என்று தெரியவே அங்கே விரிசல் போட்டுப் பார்த்தாக வேண்டும். ஆக, ஆய்வு என்ற பெயரிலேயே அந்த வேலை நடந்துவிடலாம். உள்ளே போன தண்ணீரில் ஒரு பகுதி உப்போடும், சில இடங்களில் கதிரியக்கமுள்ள ரேடியத்தோடும் திரும்பி மேலே வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இது பெரிய தலைவலி. (மணவாளக்குறிச்சி மணல் பக்கத்தில் வாழ்கிற நமக்குக் கதிரியக்கம் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டாம்.)

இங்கிலாந்தில் இப்படி விரிசல் போடும்போது ரிக்டர் அளவில் 0.5 அளவுக்கு நிலம் அதிர்ந்தாலே வேலையை நிறுத்த வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில் லங்காஷயரில் 2.9 அளவுக்கு அதிர்ந்தது, நவம்பரில் அரசே தடை போட்டது. அதுவும் ஆய்வுக் கட்டத்தில் இருந்த கிணறுதான்.

சரி, தமிழ்நாட்டில் பாதுகாப்பே இல்லையா? 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஷேல், மீத்தேன் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆனால் அது டெல்டாவுக்கு மட்டும். ராமநாதபுரம் அதற்கு வெளியே. அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025-இல் அனுமதி கொடுத்த விஷயம் பல மாதம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. கூட்டம் நடந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இப்போது நம் கடல். கன்னியாகுமரிக்கு அப்பால் மூன்று ஆழ்கடல் வட்டாரங்கள், சுமார் 27,000 சதுர கிலோமீட்டர், மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்குப் போயிருக்கின்றன. அங்கே ஷேல் தோண்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மத்திய அரசின் 2016 எண்ணெய் எரிவாயுக் கொள்கைப்படி ஒரே உரிமத்தில் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் தேடலாம், ஆய்வுக்கு அதே பி2 கதவு. சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் படகு வைத்திருப்பவர்களுக்கு கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வெட்ஜ் பேங்க் கடல்திட்டு என்றால் என்னவென்று தெரியும். தங்கள் பிழைப்பில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கச் சொல்வது வளர்ச்சிக்கு எதிரி என்ற பட்டம் வாங்கும் அளவுக்குக் குற்றமா?

2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று உத்தரவு வந்தது. அணுக் கனிம மணல் எடுக்கத் திட்டமிடப்பட்ட கிள்ளியூர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாகர்கோவிலில் அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் டீசல் மானியத்தோடு இதையும் எழுதிக் கொடுங்கள்: ஆய்வுக் கிணறு எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், என்னென்ன ரசாயனம், கழிவு எங்கே போகும். பதிலை எழுத்தில் கேளுங்கள்.