படிகாரத் தண்ணீரால் வாடை போகாது, கூடத்தான் செய்யும்

குடியாத்தம், ஆம்பூர் பக்கம் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. வெள்ளைப்படுதலில் மீன் வாடை அடித்தால் சுத்தம் போதவில்லையாம், படிகாரத் தண்ணீரை உள்ளே விட்டுத் தினமும் கழுவினால் மூன்றே நாளில் சரியாகிவிடுமாம், மாத்திரையே வேண்டாமாம்.

தவறு. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற இந்தத் தொந்தரவு அழுக்கால் வருவதில்லை. பெண்ணுறுப்புக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலம் சுரந்து காவல் காக்கிறது. அது குறைந்து மற்ற கிருமிகள் பெருகும்போதுதான் சாம்பல் நிறத்தில் நீர்த்த கசிவும் வாடையும் வரும். உள்ளே படிகாரமோ டெட்டாலோ ஊற்றினால் மிச்சமிருக்கும் நல்லதும் போய்விடும்.

என் அக்கா ஷூ கம்பெனிக்குப் போகிறவள். காலையில் சொம்பில் படிகாரம் கரைத்துக் கழுவிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் படிக்கட்டு ஓரமாகவே நின்று போனாள், அப்படி இரண்டு மாதம், வாடை கூடியதுதான் மிச்சம். அவளை அசுத்தமானவள் என்று நினைக்க வைத்தது இந்த மாதிரிச் செய்திதான், எனக்கு அதுதான் ஆறவில்லை.

டாக்டர் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை 7 நாள் தருவார், வாடை போனதும் பாதியில் நிறுத்தாதீர்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது, அது உங்கள் தப்பில்லை. அடிக்கடி வந்தால் அதே மருந்தின் ஜெல்லை வாரம் இரண்டு முறை என்று சில மாதங்கள் உள்ளே வைக்கச் சொல்வார்கள். அப்புறம், 2025-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பெண்ணோடு அவள் துணையான ஆணுக்கும் சேர்த்து மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது 12 வாரத்துக்குள் திரும்ப வந்தது 35 சதவீதம், பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63. அதனால் அடுத்த முறை வேலூருக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கர்ப்பமாக இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.