"எப்போ நடப்பான்?"

என் பெரியப்பா மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பார்க்க வருகிற உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்துவிட்டு இன்றுவரை ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்போ நடப்பான்?" அதையும் அண்ணனிடம் கேட்பதில்லை, பக்கத்தில் நிற்கும் பெரியம்மாவிடம் கேட்கிறார்கள்.

அண்ணனின் முதல் இரண்டு ஆண்டுகளைத் தின்றது இந்தக் கேள்விதான் என்பேன். கால்களுக்கு இயக்கம் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர் சொல்லியும், எண்ணெய்க்கட்டு, பச்சிலை என்று அலைந்து நகைகள் கரைந்தன. சக்கர நாற்காலி வாங்கினால் நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடும் என்று பெரியம்மா அஞ்சினார். அதற்குள் புட்டத்துக்கு மேல் படுக்கைப்புண் வந்து, எலும்பு தெரியுமளவுக்கு ஆழமாகிவிட்டது. உணர்ச்சியற்ற உடம்பில் வலி எச்சரிக்காது. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், சில மணி நேரத்துக்கொருமுறை குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுவதும்தான் இங்கே உயிர்காக்கும் வேலைகள். அவற்றைப் பற்றி எந்த உறவினரும் கேட்டதில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கால் திரும்பட்டும் என்று இவர்கள் வேலையைத் தள்ளிப்போடவில்லை.

எல்லோரும் அவர்களைப்போல் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை; சாதனையாளராக இருந்தால்தான் தெருவுக்கு வரலாம் என்பதும் ஒருவகைக் கொடுமையே. அண்ணனுக்குத் தேவைப்பட்டது இன்னும் சிறியது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை, எக்ஸ்ரே முதல் மாத்திரைச் சீட்டு வரை எல்லாவற்றையும் உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பியதே தவிர, வீட்டுக் கழிப்பறை வாசல் எத்தனை அங்குலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது 24 அங்குலம், பின்னால் வாங்கிய நாற்காலியோ 26. அந்த இரண்டு அங்குலத்துக்காக, நாற்பது வயது மனிதரை நாங்கள் மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். இறுதியில் கொத்தனார் ஒருவர் ஒரே நாளில் கதவு நிலையைப் பெயர்த்து வாசலை அகலப்படுத்தினார். அரையடி உயர வாசற்படிக்கு ஆறடி நீளச் சரிவு வேண்டும் என்ற கணக்கும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது தெருமுனை டீக்கடை வரைக்கும் அண்ணன் தனியாகவே போய்வருகிறார். போன வாரம் அங்கே ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். "நடக்குறது இருக்கட்டும், டவுன் பஸ்ல மூணு படி இருக்கே, அதுல நான் எப்படி ஏறுறதுன்னு கேளுங்க" என்றாராம் அண்ணன்.