டிட்யூபாவின் வாக்குமூலத்துக்கு முன்னும் பின்னும்

மரீஸ் கோந்தே 1986இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘நான், டிட்யூபா: சேலத்தின் கறுப்புச் சூனியக்காரி’ நாவலை, அவருடைய கணவர் ரிச்சர்ட் ஃபில்காக்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இரண்டாம் முறையாக இந்த வாரம் வாசித்து முடித்தேன். வரலாற்றோடு ஒட்டாத நாவல் என்று இதன்மேல் சொல்லப்படும் குறையை முதல் வாசிப்பில் நானும் ஏற்றிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை.

1692 மார்ச் 1 அன்று, அமெரிக்காவில் ஆங்கிலேயரின் மாசசூசெட்ஸ் காலனியிலிருந்த சேலம் கிராமத்தில், போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டு அடிமையான டிட்யூபா நீதிபதிகளின் முன் நிறுத்தப்பட்டார். போதகரின் 9 வயது மகளுக்கும் அவருடைய உறவினரான 11 வயதுச் சிறுமிக்கும் சூனியம் வைத்தார் என்பது குற்றச்சாட்டு. உடன் பிடிபட்ட சாரா குட்டும் சாரா ஆஸ்பர்னும் கடைசிவரை மறுத்தார்கள். ஒருவர் தூக்கிலிடப்பட்டார், மற்றவர் சிறையிலேயே இறந்தார். முதலில் மறுத்த டிட்யூபா பின்னர் ஒப்புக்கொண்டார். பாஸ்டனிலிருந்து வந்த உயரமான மனிதனையும் மஞ்சள் பறவையையும் கண்டதாகவும், சாத்தானின் ஏட்டில் 9 குறிகள் இருந்ததாகவும் சொன்னார். எஞ்சிய குறிகள் யாருடையவை என்ற தேடல் ஊரையே விழுங்கியது; 19 பேர் தூக்கிலேற்றப்பட்டார்கள். ஒப்புக்கொண்டு அந்தச் சொல்லிலேயே நின்றவர்களில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. உண்மை பேசினால் சாவு, பொய் பேசினால் உயிர் என்றிருந்த அந்த நீதிமன்றத்தில், தன் உடல்மீதே உரிமையில்லாத ஒரு பெண் பொய்யைத் தேர்ந்ததை என்னால் குற்றமாகக் கருத முடியவில்லை. தன் எஜமானர் அடித்தே அப்படிச் சொல்லவைத்ததாக அவர் பின்னர் கூறியதை, 1700இல் ராபர்ட் காலெஃப் அச்சில் பதிவு செய்தார்.

ஆக, நாம் வரலாறு என்று கையில் வைத்திருக்கும் ஆவணமே அடியின் அச்சத்தில் சொல்லப்பட்ட கதைதான். கோந்தே அந்த விசாரணைக் குறிப்பின் ஒரு பகுதியை நாவலின் நடுவில் அப்படியே எடுத்து வைக்கிறார். அதற்கு முன்பே டிட்யூபாவின் தாய் கப்பலில் வன்புணரப்பட்டதையும், மாமா யாயா என்ற மூதாட்டி மூலிகை வைத்தியம் கற்றுக்கொடுத்ததையும் நாம் வாசித்துவிடுகிறோம். அதனால், நீதிபதி ஜான் ஹாதோர்னின் கேள்விகளுக்கு அவர் சொல்லும் ஒவ்வொரு பதிலிலும், உயிருக்கு மன்றாடும் குரல் கேட்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் நெருடுகிறது. அக்கால ஆவணங்கள் டிட்யூபாவை ‘இந்தியர்’, அதாவது அமெரிக்கப் பழங்குடி இனத்தவர் என்றே குறிக்கின்றன. பின்னால் வந்த எழுத்தாளர்களே அவரைக் கறுப்பினத்தவராக்கினார்கள். கோந்தேயும் அந்த வழியிலேயே சென்றதால், அடிமைகளாக்கப்பட்ட பழங்குடிப் பெண்களின் கதை மறுபடியும் சொல்லப்படாமல் போயிற்று.

டிட்யூபா ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். சிறைச் செலவைக் கட்டப் போதகர் பாரிஸ் மறுத்துவிட, வேறு யாரோ கட்டி அவரை வாங்கிச் சென்றார்கள். வாங்கியவரின் பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. 1711இல் காலனி அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கியபோதும் அவருக்கு எதுவுமில்லை. ஆவணம் கைவிட்ட அந்த இடத்திலிருந்து கோந்தே அவரைக் கரீபியத் தீவான பார்படோஸுக்குக் கப்பலேற்றுகிறார். அங்கே அடிமைகளின் கிளர்ச்சியில் சேர்ந்து தூக்கிலேறிய பிறகும், கதையைத் தொடர்ந்து சொல்பவர் டிட்யூபாதான். இம்முறை அவரிடம் கேள்வி கேட்க எந்த நீதிபதியும் இல்லை.