வெளியூர்ச் சண்டியனில இவ்வளவு ஆசை ஏன்?

எங்கட கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியள் கொஞ்சப்பேர் நடு அமெரிக்க நாடான எல் சல்வடோரின்ர மறியற்சாலை வீடியோவை ஷெயார் பண்ணி "இஞ்சயும் இப்பிடி ஒருத்தன் வேணும்" எண்டு எழுதுறாங்கள். வாள்வெட்டுக் குழுக்களால சனம் வெறுத்துப்போய்க் கிடக்குது, அந்தக் கோபம் விளங்குது. ஆனா மொட்டையடிச்சு, மேல் சட்டையில்லாம வரிசையா குந்தவைச்சிருக்கிற அந்த ஆக்களைப் பாக்கேக்க வன்னியில பிறந்த ஒருத்தனுக்கு எப்பிடியடாப்பா அந்த நாட்டு ஜனாதிபதி புக்கேலேயின்ர கதிரை மட்டும் கண்ணில படுது? 2022 மார்ச்சில போட்ட அவசரகாலச் சட்டத்தை மாசாமாசம் நீட்டித்தான் அங்க ஆயிரக்கணக்கில அள்ளினவை, கனபேர் வெறும் சந்தேகத்தில. ஆமிக்கு ஆளைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டி தலையை ஆட்டினா ஆள் இல்லையெண்ட காலத்தைப் பாத்த, 1979 இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோட சீவிச்ச எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தோணுமோ.

வெளியூர்ச் சண்டியனை ரசிக்கிறதில வெள்ளைக்காரரும் இதுதான். தன்ர நாடு தன்ர நாடு எண்டு கத்துறவனுக்கு மற்ற நாட்டுத் தேசியவாதியைக் கண்டா ஆகக்கூடாது, நியாயப்படி பாத்தா. ஆனா பிரான்ஸில தீவிர வலதுசாரி மரீன் லு பென்னின்ர கட்சி 2014 இல ரஷ்யத் தொடர்புள்ள வங்கியொண்டில 90 லட்சம் யூரோவுக்கு மேல கடன் எடுத்தது, 2017 தேர்தலுக்கு முதல் அவ மொஸ்கோ போய் புட்டினையும் சந்திச்சவ. இத்தாலி வலதுசாரித் தலைவர் சல்வினி புட்டின் படம் போட்ட ரீசேர்ட்டோட நிண்டவர் (2022 இல போலந்து எல்லையில ஒரு மேயர் அந்த ரீசேர்ட்டை அவருக்கு முன்னாலயே தூக்கிக் காட்டி மானத்தை வாங்கினார்).

ஏனெண்டா இவைக்கு எதிரி வெளிநாடு இல்ல, வீட்டுக்குள்ள. நீதிமன்றம், பத்திரிகை, பல்கலைக்கழகம், குடியேறி வந்தவன், சிறுபான்மை. ஹங்கேரியில 2010 இல பிரதமரா வந்த ஒர்பான் தேர்தலை நிப்பாட்டாமலே இதுகளை ஒவ்வொண்டா மடக்கினார், 2014 இல தாராளவாதம் இல்லாத அரசு கட்டுறன் எண்டு மேடையிலயே சொன்னார். அமெரிக்க வலதுசாரியள் 2022 இல புடாபெஸ்ட்டில போய் மாநாடு வைச்சது சுற்றுலாவுக்கில்ல, எப்பிடிச் செய்யிறதெண்டு பாக்க. வெளியூர்ச் சண்டியன்ர அடியும் தங்களுக்கு விழாது, சொகுசா ரசிக்கலாம்.

எங்கட தீவிலயும் குறைவில்ல. 2014 ஜூனில அளுத்கமயில முஸ்லிம் சனத்தின்ர கடையும் வீடும் எரிஞ்சுது, செப்டெம்பரில சிங்கள பௌத்த தீவிரவாத அமைப்பான பொதுபல சேனா மியன்மாரில இருந்து முஸ்லிம் எதிர்ப்புப் பிக்கு விராதுவைக் கூப்பிட்டுக் கொழும்பில மேடையேத்திச்சு. 2018 இல கண்டி அஸ்கிரிய பௌத்த பீடத்துப் பெரிய பிக்கு ஒருத்தர் கோட்டாபயவுக்கு ஹிட்லராகவாவது மாறச் சொல்லி ஆசீர்வாதம். அப்ப நாங்கள் எல்லாரும் கொதிச்சம்.

ஆனா 2016 இல வவுனியாவிலயே சிவசேனை எண்டு ஒரு இந்து அமைப்பைத் தொடங்கினவை. அந்தப் பேர் எங்கயிருந்து வந்ததெண்டு கேட்டவையோ தெரியாது. 1966 இல பம்பாயில சிவசேனா தொடங்கேக்க முதல் குறி வைச்சது தென்னிந்தியரை, அதுக்குள்ள தமிழரும்தான்! அதைத் தொடங்கின பால் தாக்கரே ஹிட்லரைப் புகழ்ந்த ஆள் வேற.

"அப்ப வாள்வெட்டுக்கு என்ன செய்யிறது" எண்டு கமெண்டில வருவியள். பிடிபட்டவன் கெதியா வெளிய வாறான் எண்டா, ஏன் வழக்கு ஒழுங்கா நடக்கேல்ல, ஆர் வெளிய விடுறது எண்டு பொலிஸைக் கேளுங்கோ. உங்கட எம்பீமாரையும் கேளுங்கோ, வோட்டுக்கு வரேக்க மட்டும் இல்ல.