முதல் தவணைக்கு முன்பே வரும் செலவு

வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரிட்டன் ஆய்வு உதவித்தொகை பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பிரிட்டன் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐ (UKRI) தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆனால், ஒவ்வோர் ஆண்டுச் சேர்க்கையிலும் அவர்களுக்குப் பொதுவாக 30 சதவீதம் வரைதான் இடம் என்பதையும், உள்நாட்டு மாணவருக்கான கட்டண அளவுக்கே யூகேஆர்ஐ பணம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் அதைவிட அதிகம்; அந்த மிச்சத்தை மாணவரிடம் வசூலிக்கக் கூடாது என்பதால் பல்கலைக்கழகமே அதைச் சுமக்கிறது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கத் துறைகள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

கட்டுரையில் விடுபட்ட பெரிய செலவு, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்காக விசாவுடன் கட்ட வேண்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம். ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால், நான்காண்டு ஆய்வுக்கு அது மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும்; உதவித்தொகையின் முதல் தவணையோ அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். சில பல்கலைக்கழகங்கள் இந்த மருத்துவக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன என்பதால், இடத்தை ஏற்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது.