காலை நேரம் வெட்டுவதற்கு மட்டும்

தனியாளாகத் தொழில் செய்பவர்கள் காலையில் முதல் வேலையாக வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் போட்டுவிட வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. பதினோரு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். இதில் துணி வெட்டுவதுதான் தலையான வேலை. தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். பட்டுச் சேலையோடு வந்த 80 சென்டிமீட்டர் துணியில் கத்தரி தப்பினால் வேறு துணிக்கு எங்கே போவது? ஒருமுறை போன் பேசிக்கொண்டே வெட்டி, கைக்குழியை, அதாவது கை இணையும் வளைவை, அரை அங்குலம் கூடுதலாக இறக்கிவிட்டேன். கல்யாணப் பிளவுஸ். அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் 6 மணி முதல் 9 மணி வரை போன் சைலண்டில்தான், வெட்டு மட்டும்தான். ஒரே நிற நூலுக்கான துணிகளை அடுத்தடுத்துத் தைப்பேன், அடிநூல் சுற்றிய பாபினை மாற்றும் நேரம் மிச்சம். ஹூக், ஹெம்மிங் எல்லாம் சாயங்காலம், கை களைத்த பிறகு. ஆவணி முகூர்த்த நெருக்கடியில் சேலையின் கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் துணி வைத்து அடிக்கும் வேலையை எடுப்பதே இல்லை. பக்கத்துத் தெரு அக்காவிடம் அனுப்பிவிடுகிறேன். செய்திகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பதில். அதற்காக இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை.